வெள்ளிக்கிழமை மதியத்துக் காந்தம்

நான் முன்பு வேலை பார்த்த மீட்டர் சோதனைக் கூடத்தில் இப்போது இருக்கும் பிரியா போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவளுடைய சுண்டுவிரல் நகத்தின் மேல் ஒரு கறுப்புச் சிப். நகத்தைவிடச் சிறியது. கூடவே ஒரு குரல் பதிவு.

"மேடம், புது மீட்டர்ல வர்ற சிப் இது. அளக்குறது, கணக்குப் போடுறது, ஞாபகம் வெச்சுக்கிறது எல்லாம் இது ஒண்ணேதானாம். கரண்ட் போனாலும் சின்ன பேட்டரியில வருஷக்கணக்கா உசிரோட இருக்குமாம். நீங்க தகடு சுத்துற மீட்டர்லேர்ந்து பார்த்தவங்க. எங்க செய்தி மடலுக்கு எழுதிக் குடுங்க. 'அந்தக் காலத்துல'ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க, ஒருத்தரும் படிக்க மாட்டாங்க."

அவள் சொன்னது நியாயம். அதனால் சிப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மின்சார மீட்டருக்கு உள்ள பெரிய கஷ்டம் இதுதான். ஒரு மில்லில் எல்லா மோட்டாரும் ஓடும்போது பாயும் மின்னோட்டத்தையும் அது பிழையில்லாமல் அளக்க வேண்டும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு செல்போன் சார்ஜரை மட்டும் விட்டுவைத்தால், அதையும் அளக்க வேண்டும். நெல் லாரியை நிறுத்தும் எடைமேடையில் ஒரு முழம் மல்லிகைப் பூவை வைத்து, "இதையும் அதே எடைமேடையில் சரியாகப் போடு" என்று கேட்பது போன்றது. மின்னோட்டம் அலையாக வருகிறது. அதை எண்ணாக மாற்றும் பகுதி சிப்பின் உள்ளே இருக்கிறது. அது எவ்வளவு நுணுக்கமாக மாற்றுகிறதோ அவ்வளவு சின்னப் பூவையும் எடை போடலாம்.

இரண்டாவது சங்கதி தூக்கம். மின்சாரம் நின்றதும் சிப் தூங்கிவிடும். ஆனால் முழுத் தூக்கம் இல்லை. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்தில் ஏறித் தலை சாய்ப்பவர்கள் பாலக்கரையில் தானாகக் கண் விழிப்பார்களே, அந்தத் தூக்கம். நடுநடுவே விழித்து, மூடியை யாராவது திறந்தார்களா, பக்கத்தில் காந்தம் வந்ததா என்று பார்த்துவிட்டு மறுபடி தூங்கும். அதற்கு ஆகும் மின்சாரம் மிகமிகக் கொஞ்சம்.

நான் வேலையில் சேர்ந்தபோது இதெல்லாம் கிடையாது. அலுமினியத் தகடு சுற்றும். அதன் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். அந்தக் கோடு எத்தனை முறை வருகிறது என்று ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணுவோம். பயிற்சிக் காலம் முழுவதும் எண்ணியதுதான் நினைவு. பிறகு தகடு போய் மின்னணு மீட்டர் வந்தது. அதில் அளக்க ஒரு சிப், கணக்குக்கு ஒரு சிப். பிறகு இரண்டும் ஒன்றாயின. நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஒற்றைச் சிப் மீட்டரின் முதல் வகை எங்கள் பெஞ்சுக்கு வந்துவிட்டது. பிரியாவின் நகத்தில் இருப்பது அதன் தங்கை.

அந்தக் காலகட்டத்தில் சோதனைக் கூடத்தின் பொறுப்பு ரங்கநாயகி மேடத்திடம் இருந்தது. ஸ்ரீரங்கத்துக்காரர், கோயில் கைங்கர்யக் குடும்பம். நானும் ஸ்ரீரங்கம்தான் என்றாலும் அவர் உள் வீதி, நான் அம்மா மண்டபம் பக்கம். ஒரே பஸ்ஸில் போவோம், பஸ்ஸில் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். கூடத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். அப்படி ஒரு விதி இல்லை. அவர் கழற்றுவதைப் பார்த்து நாங்களும் கழற்றினோம். சோதனை நடக்கும்போது நாற்காலியில் உட்கார மாட்டார்.

காலையில் அவர் முதலில் செய்வது, எங்களிடம் உள்ள தர மீட்டரை, அதாவது மற்ற மீட்டர்களை ஒப்பிட நாங்கள் அளவுகோலாக வைத்திருக்கும் மீட்டரை, இன்னொரு தர மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. "முதல்ல நம்மாத்துக் குறையைப் பார்ப்போம் கலா. அப்புறம் ஊராத்துக் குறை" என்பார். பெஞ்சில் வரிசையாக மாட்டிய மீட்டர்களில் ஒன்று பிழை காட்டினால் உடனே "கெட்டது" என்று எழுதவிட மாட்டார். அதைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டச் சொல்வார். பிழை மீட்டரோடு போனால் மீட்டரின் பிழை. பழைய இடத்திலேயே நின்றால் எங்கள் பெஞ்சின் பிழை. மாட்டிக் கழற்றி மாட்டி என் விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. இன்று அந்தக் காய்ப்பைத் தடவிப் பார்த்தால் கோபம் வரவில்லை.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அறிக்கையில் கையெழுத்து விழும்வரை முடிவை யாரிடமும் வாயால் சொல்லக் கூடாது. நுகர்வோரிடமும் கூடாது, மேலதிகாரியிடமும் கூடாது. "வாய்வார்த்தை காத்தோட போயிடும். பாதி வழியில வேற வார்த்தையா மாறிடும்" என்பார்.

ஒற்றைச் சிப் மீட்டர் வந்த புதிதில் தில்லை நகரிலிருந்து ஒரு டாக்டர் புகார் கொடுத்தார். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மீட்டர் ஓடுகிறது என்று. மேடம் என்னை அனுப்பினார். கிளினிக்கில் விளக்கு, மின்விசிறி, ஏசி எல்லாம் அணைத்தாகிவிட்டது. மீட்டரின் சிவப்புப் புள்ளி மட்டும் மெதுவாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா? பேய் ஓட்டுது" என்றார் டாக்டர்.

நான் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினேன். பிரிண்டர், தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டி, டிவி. சிமிட்டல் குறைந்தது, நிற்கவில்லை. கடைசியில் காத்திருக்கும் அறையில் மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் சின்னப் பம்பைப் பிடுங்கினேன். நின்றது.

கம்பவுண்டர் சிரித்துவிட்டார். "சார், இனிமே மீனுக்கும் சேர்த்து பில்லு கட்டணும்."

"அப்ப பழைய மீட்டர் இதையெல்லாம் காட்டலையே?" என்றார் டாக்டர்.

"அதுக்குத் தெரியலை சார்."

"தெரியாத மீட்டரே நல்ல மீட்டரும்மா!"

ஊரில் பாதிப் பேர் புது மீட்டரைப் பற்றி இதையேதான் சொன்னார்கள். எனக்கும் சில நாள் அப்படித் தோன்றியதுண்டு. சிராஜுதீன் பாயின் மீட்டர் வரும்வரை.

சிராஜுதீன் பாய் பல வருடம் சவுதியில் கிரேன் ஓட்டியவர். ஊர் திரும்பி, மண்ணச்சநல்லூரில் ஒரு சின்ன அரிசி மில்லை வாங்கி நடத்திக்கொண்டிருந்தார். மின் திருட்டைப் பிடிக்கும் பறக்கும் படை அந்த மில்லின் மீட்டரில் கருவியைச் செருகிப் பார்த்தபோது, 'காந்தம்' என்ற பதிவு வரிசையாக வந்திருந்தது. மீட்டருக்கு அருகில் பலமான காந்தம் வைத்தால் உள்ளே மின்னோட்டத்தை உணரும் பகுதி மரத்துப் போகும். மில் ஓடினாலும் மீட்டர் ஓடாது. இது ஊரறிந்த திருட்டு. அதனால்தான் காந்தம் நெருங்கினால் சிப் பதிவு செய்துவிடும். பாயின் மீட்டரில் பதிவுகள் எல்லாம் வெள்ளிக்கிழமை மதியம். ஒவ்வொரு பதிவிலும் மின்னோட்டம் பூஜ்யம்.

படையின் அதிகாரி செல்வராஜ் மீட்டரைக் கழற்றி, உறையில் இட்டு முத்திரை வைத்து எங்களுக்கு அனுப்பினார். மில்லுக்கு அதே வகை மாற்று மீட்டர் பொருத்தினார்கள். எங்கள் அறிக்கை வந்த பிறகு முடிவு. திருட்டு என்று நாங்கள் எழுதினால் இணைப்பு அன்றே துண்டிக்கப்படும், வழக்கு போலீசுக்குப் போகும்.

உறையைப் பிரிக்கும் நாளில் செல்வராஜும் பாயும் வந்திருந்தார்கள். முத்திரைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, படம் எடுத்து, இருவரிடமும் காட்டிவிட்டுத்தான் வெட்டினேன். பாய் எதையும் பார்க்கவில்லை. மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், வல்லாஹி சொல்றேன், எங்க மில்லுல காந்தம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. வெள்ளிக்கிழமை மதியம் நான் பள்ளிவாசல்ல இருப்பேன். ஊர்ல யாரை வேணாலும் கேளுங்க."

"நீங்க அங்க இருப்பீங்க. காந்தம் இங்க இருக்கும்" என்றார் செல்வராஜ்.

மேடம் அவரைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார். பிறகு பாயிடம் கேட்டார். "நீங்க தொழுகைக்குப் போறச்சே மில் ஓடுமோ?"

"இல்லீங்க. வெள்ளிக்கிழமை மதியம் நிறுத்திடுவோம். மேஸ்திரி கிளீன் பண்ணுவாரு."

"என்னவெல்லாம் கிளீன் பண்ணுவார்?"

"சல்லடை, எலிவேட்டர் வாளி, அப்புறம் நெல்லு இறங்குற வாய். நெல்லோட ஆணி, கம்பித் துண்டெல்லாம் வரும்ல, அதைப் புடிக்க அங்க ஒரு…"

பாய் நிறுத்தினார்.

"ஒரு?" என்றார் செல்வராஜ்.

"காந்தம்" என்றார் பாய், கேட்டும் கேட்காத குரலில்.

செல்வராஜ் பேனாவைத் திறந்தார். "இப்பத்தான் இல்லவே இல்லைன்னாரு. எழுதிக்கலாமா மேடம்?"

"சோதனை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றார் மேடம்.

பாய் எழுந்து நின்றார். "மேடம், ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. நான் நெல்லை ஊற வெக்கலாமா வேணாமா? புழுங்கலுக்கு ஊற வெச்சா நேரத்துக்கு அவிக்கணும். ஊறின நெல்லு தொட்டியில கிடக்குறப்ப கரண்டைப் புடுங்கிட்டா எல்லாம் நாறிப் போயிடும். அத்தனையும் விவசாயிங்க என்னை நம்பி விட்ட நெல்லு. அதான் இருக்குற பழசை மட்டும் அரைச்சிட்டு உக்காந்திருக்கோம். ஆளுங்க வீட்டுக்குப் போகவா இருக்கவான்னு கேக்குறாங்க. ஊர்ல வேற மாதிரி பேசுறாங்க."

"கையெழுத்து ஆகற வரைக்கும் நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை. அந்தக் காந்தத்தைக் கொண்டு வாங்கோ" என்றார் மேடம்.

மறுநாள் பாய் அதைச் சாக்கில் சுற்றி டூவீலரில் கொண்டுவந்தார். மேஜையில் வைக்கச் சாக்கைப் பிரித்தவுடன் அது பக்கத்து இரும்பு பீரோவில் போய் டமாரென்று ஒட்டிக்கொண்டது. என் ஸ்டேப்ளரும் இழுபட்டு அதில் போய் ஒட்டியது. செல்வராஜும் பாயும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். திருட்டைப் பிடிக்க வந்தவரும் திருடர் என்று சொல்லப்பட்டவரும் ஒரே பீரோவில் கால் ஊன்றி இழுத்த காட்சியைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மேடம் அசையவில்லை.

மீட்டரைப் பெஞ்சில் மாட்டி, முதலில் காந்தமில்லாமல் சோதித்தோம். முழு மின்னோட்டம், பாதி, குறைவு, மிகக் குறைவு. எல்லாம் வரம்புக்குள். பிறகு மில்லில் உள்ளதுபோன்ற இரும்புப் பெட்டியில் மீட்டரை வைத்து, கதவின் மேல் அந்தக் காந்தத்தை ஒட்டினோம். மீட்டரின் திரையில் காந்தக் குறி வந்தது. ஆனால் அளவு கெடவில்லை. பக்கவாட்டில் ஒட்டினோம், மேலே ஒட்டினோம். கெடவில்லை.

பாய் முகம் மலர்ந்தது. செல்வராஜ் நிதானமாகச் சொன்னார். "மேடம், நான் இவருக்கு விரோதி இல்ல. இந்தக் காந்தம் வெச்சா மீட்டர் மரத்துப் போகலைங்கிறது உண்மை. ஆனா வெள்ளிக்கிழமை வெச்சது இதுதான்னு யாரு சொன்னா? இதைவிடப் பெரிய காந்தம் வெச்சு, மீட்டரை மரத்துப் போக வெச்சிட்டு, மில்லை ஓட்டியிருக்கலாம்ல? பதிவுல பூஜ்யம் இருக்கே."

பதிவில் பூஜ்யம். கஷ்டம் அங்கேதான் இருந்தது. மில் நின்றிருந்தாலும் பூஜ்யம்தான் வரும். மீட்டர் மரத்துப் போயிருந்தாலும் பூஜ்யம்தான் வரும். இரண்டு பூஜ்யத்துக்கும் முகத்தில் வித்தியாசம் இல்லை.

"அவர் கேட்கறது நியாயம்" என்றார் மேடம். பாய் காந்தத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். வாசலில் திரும்பி, "ஊற வெக்கலாமா…" என்று ஆரம்பித்து, மேடத்தின் முகத்தைப் பார்த்து, முடிக்காமல் போனார்.

படையின் கைக்கருவி மின்னோட்டத்தை ஒரு தசமத்தோடு நிறுத்திவிடும். மீட்டரின் கண்ணாடிக்கு அடியில் உள்ள ஒளித்துளை வழியாக எங்கள் கணினியை இணைத்தால் சிப்பில் உள்ளது முழுவதும் வரும். மேடம் கேட்காமலே அதைச் செய்தேன். முதல் வெள்ளிக்கிழமைப் பதிவைத் திறந்தேன். மூன்று பேஸில் இரண்டில் 0.00. ஒன்றில் 0.04.

அடுத்த வெள்ளி. 0.04. அதற்கடுத்ததும் அதுவே.

நம்மாத்துக் குறை முதலில். மீட்டரே சும்மா இருக்கும்போது எதையாவது கற்பனை செய்கிறதோ என்று, மின்னோட்டமே கொடுக்காமல் பெஞ்சில் வைத்துப் பார்த்தேன். 0.00. காந்தத்தின் அருகாமை அப்படிக் காட்ட வைக்கிறதோ என்று, எங்கள் சோதனைக் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். 0.00. ஆக அந்த நான்கு உண்மையான நான்கு. காந்தம் ஒட்டியிருந்த நேரத்தில் மில்லில் ஏதோ ஒரு மிகச் சின்னப் பொருள் மட்டும் மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தது. மீட்டர் அதை அளந்துகொண்டும் இருந்தது.

மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். சோதனை எதுவும் ஓடவில்லை என்பதால் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கண்ணைக் கட்டினவனுக்கு ஆனையே தெரியாது கலா. இதுக்குக் கொசு தெரிஞ்சிருக்கு."

எந்த ஊரில் எந்த அறையில் என்று தெரியாது; யாரோ ஒருவர் உட்கார்ந்து, இந்தச் சிப் லாரியை மட்டும் எடை போட்டால் போதாது, பூவையும் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். இரண்டாவது தசமத்தைக் கணக்கில் சேராத சில்லறை என்று தள்ளிவிட்டுப் போயிருக்கலாம், தள்ளவில்லை. அவருக்கு அன்று மனதுக்குள் நன்றி சொன்னேன். இதை எழுதும் இன்றும் சொல்கிறேன்.

ஆனால் அந்தக் கொசு என்ன? தெரியாமல் எழுத முடியாது. வெள்ளிக்கிழமை மதியமே மில்லுக்குப் போவது என்று மேடம் முடிவு செய்தார். செல்வராஜும் வந்தார். ஸ்ரீரங்கம் தாண்டி, கொள்ளிடம் பாலம் ஏறி இறங்கி, டோல்கேட்டில் திரும்பிப் போனோம். பாய் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக வாசலில் நின்றார்.

"நான் இன்னிக்குத் தொழுகைக்குப் போகாம இங்கயே இருக்கட்டுங்களா?"

"வேண்டாம். எப்பவும் போல போயிட்டு வாங்கோ. நீங்க இல்லாதப்போ நடக்கறதைத்தான் நாங்க பார்க்கணும்" என்றார் மேடம்.

அவர் தயங்கித் தயங்கிப் போனார். மில்லில் அப்போது பழைய இருப்பு அரைபட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் இல்லாத இரண்டு ஊறல் தொட்டிகளிலும் கூலியாட்கள் நெல்லை மட்டும் கொட்டி நிரப்பி வைத்திருந்தார்கள். மேஸ்திரி மாரிமுத்துவிடம் மேடம் சொன்னார். "எப்பவும் செய்யறதைச் செய்யுங்கோ. எங்களைப் பார்க்காதீங்கோ."

அவர் உடனே தலையைக் கோதி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "கேமரா இல்லியே?" என்று கேட்டார். மோட்டார்களை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார். மில் அடங்கியது. நான் மீட்டரைப் பார்த்தேன். 0.04.

மேஸ்திரி நெல் இறங்கும் வாயிலிருந்து காந்தத்தை இழுத்து எடுத்தார். மரச் சீப்பு ஒன்றால் வழித்தார். ஆணி, கம்பி, உடைந்த அரிவாள் பல், சைக்கிள் சக்கரத்து இரும்புக் குண்டு ஒன்று. சுத்தமான காந்தத்தைத் தூக்கிக்கொண்டு நேராக நடந்து வந்து, எனக்குப் பக்கத்தில் இருந்த மீட்டர்ப் பெட்டியின் கதவில் 'டப்'பென்று ஒட்டிவிட்டு, நெல் இறங்கும் வாயைச் சுத்தம் செய்யப் போய்விட்டார். திரையில் காந்தக் குறி வந்தது.

செல்வராஜுக்குப் பொறுக்கவில்லை. "யோவ் மேஸ்திரி! அங்க ஏன்யா ஒட்டுன?"

"பின்ன எங்க சார் வெக்கிறது? கீழ வெச்சா வழிச்ச ஆணியெல்லாம் திரும்ப ஏறிக்குது. மூட்டை மேல வெச்சா தவிடு அப்பிக்குது. இடுப்பு உசரத்துல சுத்தமா இருக்குற இரும்பு இது ஒண்ணுதான். நீங்க மாட்டிக் குடுத்ததுதான சார்?"

"இதுக்கு முன்னாடி எங்க வெச்சீங்க?"

"முன்னாடி மீட்டரு மரப்பலகையில இருந்துச்சு. ஒட்டாது. கயித்துல கட்டித் தொங்க விடுவோம். புது மீட்டரோட இந்தப் பொட்டி வந்துச்சு. சவுரியமா இருக்குன்னு சொல்லிட்டிருந்தோம்."

நான் திரையைப் படித்தேன். காந்தம் கதவில் ஒட்டியிருந்தது. 0.04 அப்படியே இருந்தது.

"வேற ஏதாவது எரியுதா மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஆஃப் மேடம். நீங்களே பாருங்க."

மீட்டரிலிருந்து மெயின் சுவிட்சுக்குப் போகும் வழியில், சுவிட்சுக்கு முன்பாகவே ஒரு மெல்லிய வயர் பிரிந்து சுவரோடு போனது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். ஒரு மர அலமாரிக்குள் நுழைந்தது. திறந்தேன். கதகதப்பு முகத்தில் அடித்தது. வரிசையாகச் சின்ன டப்பாக்களில் அரிசி. நடுவில் ஒரு குட்டி பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

"அது சாம்பிள் அலமாரி மேடம். வியாபாரிக்குக் காட்டுற அரிசி. நெல்லு அவிக்கிற ஆவியில டப்பாவுக்குள்ளயே பிசுபிசுத்துப் போயிடும்னு ஒரு பல்பு போட்டு வெச்சிருக்கோம். அணைக்கவே மாட்டோம். அதைப் போயி கணக்குல சேக்குறீங்களா? அது ஜீரோ வாட் பல்பு மேடம். ஜீரோவுக்கு ஏது கரண்ட்டு?"

செல்வராஜும் நானும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அந்த வழக்கில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

பல்பை அணைத்தேன். செல்வராஜ் மீட்டர்ப் பக்கம் நின்று கத்தினார். "பூஜ்யம்!" போட்டேன். "நாலு!" மறுபடி அணைத்து மறுபடி போட்டேன். மேடம் நின்ற இடத்தில் நின்று தலையாட்டினார்.

பிறகு செல்வராஜ் எதுவும் சொல்லாமல் ஜீப்புக்குப் போய் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்தார். வேறொரு திருட்டில் பிடிபட்ட பெரிய காந்தம். மில்லின் காந்தத்தை எடுத்துவிட்டு இதைக் கதவில் வைத்தார். பல்பு எரிந்துகொண்டிருந்தது. மீட்டர் 0.00 காட்டியது. பக்கவாட்டில் வைத்தார். 0.00. எடுத்தார். 0.04. மேஸ்திரி அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், மீட்டரை மரத்துப் போக வெக்கிற காந்தம்னா பல்பு காணாமப் போயிடுது. அந்த வெள்ளிக்கிழமைங்க எல்லாத்துலயும் பல்பு இருந்திருக்கு" என்றார் செல்வராஜ்.

"அப்போ?"

"அப்போ மீட்டர் முழிச்சிட்டுதான் இருந்திருக்கு. மில்லுதான் தூங்கியிருக்கு. எழுதிக்குங்க மேடம்."

அறிக்கையைக் கூடத்துக்கு வந்து தட்டச்சு செய்து கையெழுத்திடுவதுதான் எங்கள் வழக்கம். மேடம் அன்று என் பையிலிருந்து படிவத்தை வாங்கினார். ஒரு நெல் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். சோதனை எதுவும் பாக்கி இல்லை. இன்னொரு மூட்டையை மேஜையாக்கி, அடித்தல் திருத்தல் இல்லாமல் நிதானமாக எழுதினார். கையெழுத்திட்டார். செல்வராஜ் இட்டார். நான் இட்டேன். மீட்டர்ப் பெட்டியை மேஸ்திரியின் கை எட்டாத சுவருக்கு மாற்ற வேண்டும் என்று கடைசி வரியில் மேடம் சேர்த்திருந்தார்.

பாய் தொழுகை முடிந்து வேகமாக வந்தார். எங்கள் மூவரின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குப் பழகிப் போயிருந்தது.

மேடம் மூட்டையிலிருந்து எழுந்து, அறிக்கையை மடித்து என்னிடம் கொடுத்தார். "இப்போ கேளுங்கோ" என்றார்.

பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நெல்லை… ஊற வெக்கலாங்களா?"

"வையுங்கோ."

அவர் மேஸ்திரியைக் கூப்பிடத் திரும்பினார். அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. தொட்டிப் பக்கம் தண்ணீர் கொட்டும் சத்தம். சிறிது நேரமாகவே கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால்வரை நனைந்து, தொட்டியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். நெல் முக்கால்வாசி மூழ்கியிருந்தது.

"யாரைக் கேட்டுய்யா குழாயைத் திறந்த?" என்றார் பாய்.

"யாரைக் கேக்கணும் பாய்? சாரு பெரிய காந்தத்தை வெச்சிட்டு, 'பல்பு காணாமப் போயிடுது'ன்னு சொன்னாரே, அப்பவே திறந்துட்டேன்."

மேடம் தொட்டியைப் பார்த்தார், என் கையில் இருந்த அறிக்கையைப் பார்த்தார். "கையெழுத்துக்கு முன்னாடி" என்றார். பிறகு, நான் அவரிடம் வேலை பார்த்த அத்தனை காலத்தில் முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தார்.